கருனியும் அதன் உரையும்: வழுநீக்கக் குறியீடுகளை நிறுவுதலால் வரும் பேறும் இழப்பும்

கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று தமிழாராய்ச்சி இதழில் இடம்பெறுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின் சுவடிகளின் ஒளிப்படங்களும், பாடவேறுபாட்டுக் குறிப்புகளும், சொல்லடைவுகளும் இன்று கணிப்பொறிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. அப்பொறி பணிநடுவே நின்றுவிடின், அது நின்றது ஏன் என அறியும் வழி நம் கையில் உண்டா என்னும் வினா ஆராய்ச்சியாளனுக்குப் புறம்பானது அன்று. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தரங்கம்பாடிக்கு அணித்தாகிய ஊர்களில் சில குடும்பங்களிடம் எஞ்சியுள்ள ஏட்டுச்சுவடிகளை எம் துறையினர் ஒளிப்படம் எடுத்து வந்தோம். கடற்காற்றின் ஈரம் ஏட்டுக்குப் பகை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை நேரிற் கண்ட குடும்பத்தார் ஏட்டை அயலார் கையில் நெடுநாள் விட்டுவைக்க ஒருப்படுவதும் இல்லை. மூன்று நாள் தவணையில் பெற்ற மருத்துவச் சுவடி ஒன்றின் படங்களைக் கணிப்பொறிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தபொழுது, திரை முழுதும் எண்களும் துண்டுச் சொற்களுமாக நிறைந்து பொறி நின்றுவிட்டது. அதற்கு முன்னரும் இருமுறை அங்ஙனம் நின்றதுண்டு. இம்முறை எண்பது ஏடுகளின் படங்கள் வட்டில் முற்றப் பதியாமல் அழிந்தன. பெயர்த்த கையோடு படப்பெட்டியின் நினைவட்டையை வெறுமையாக்கும் பழக்கம் எம்மிடம் இருந்தது. அஃது எம் தவறே. சுவடியோ அன்று காலையிலேயே உரியவரிடம் திரும்பிவிட்டது. முதுகலை மாணவர் ஒருவர் நின்றுபோன திரையைத் தம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அப்படம் ஒன்றே எமக்குக் கிடைத்த சான்று. அதனைப் படிக்க முயன்றபொழுதுதான் வழுநீக்கக் குறியீடு என்பதன் இன்றியமையாமை எமக்குப் புலனாயிற்று.

கருனி என்பது கெர்னல் என வழங்கும் நிரல். கணிப்பொறியின் நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றைப் பிற நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அது. எம் துறைக் கணிப்பொறியில் உள்ளது லினக்ஸ். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அக்கருனியின் மூலநிரல் இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இயங்குதளமும் டெபியன் தொகுப்பை அடியாகக் கொண்ட லினக்ஸே. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பாஸும் இடம்பெற்றமையால், நம் மாணவர் பலர்க்கு அது பழக்கமான பெயராகும்.

மூலநிரலை மாந்தர் எழுதுகின்றனர். அதில் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் பெயர் உண்டு. ஒவ்வொரு மாறிக்கும் பெயரும் வகையும் உண்டு. வரிகளுக்கு எண் உண்டு. கம்பைலர் என்னும் மொழிமாற்றி இதனைப் பொறி அறியும் எண்களாக மாற்றும்பொழுது அப்பெயர்கள் தேவையற்றுப் போகின்றன. பொறிக்கு வேண்டுவது இடம் ஒன்றே. இன்ன இடத்தில் உள்ளதை எடுத்து இன்ன இடத்தில் வை என்பதற்குமேல் அஃது ஒன்றும் அறியாது. எனவே மாற்றம் முடிந்தபின் எஞ்சுவது பெயர் களைந்த எண்தொடர். எண்தொடரின் இன்ன இடம் மூலநிரலின் இன்ன கோப்பில் இன்ன வரிக்கு உரியது, இந்நினைவிடத்தில் உள்ளது இன்ன வகையைச் சார்ந்த மாறி என்றெல்லாம் காட்டும் விளக்கத்தையும் கம்பைலர் உடன் எழுதித் தருமாறு செய்யலாம். அவ்விளக்கத் தொகுதியே வழுநீக்கக் குறியீடுகள். வழு என்னும் இலக்கணச் சொல்லைக் கணினியாளர் எடுத்துக்கொண்டது பொருத்தமே. ஆயின் அவர்தம் உலகில் வழுவமைதிக்கு இடம் இல்லை.

நம் மரபில் இதற்கு நேரான ஒன்று உளது. மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி பெறுதல் தொல்காப்பியர் கூறிய இலக்கணம். ஏட்டில் எழுதியோர் பெரும்பாலும் அப்புள்ளியை இடாது விட்டனர். எழுத்தாணியின் குத்து ஏட்டைக் கிழிக்கும் என்னும் அச்சமும், எழுதும் விரைவும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. சொற்களுக்கு இடையே வெளியும் விடுவதில்லை. செய்யுளை முன்னரே அறிந்தவனுக்கு இக்குறைகள் இடராக மாட்டா. அவன் ஓடும் பொறியைப் போல இடமறிந்து செல்வான். அறியாதவன் ஒரு தொடரில் தடுமாறி நின்றால், அவனுக்கு உதவ ஏட்டில் ஒன்றும் இல்லை. குறி களைந்த மூலம் கைக்கு எளிது, இடத்துக்குச் சிக்கனம். இடர் வந்துழி அது வாய்திறவாது.

ஈண்டு ஒரு திருத்தம் கூறுதல் வேண்டும். வழுநீக்கக் குறியீடு இல்லாத கருனி முற்றும் ஊமை என்று எண்ணுதல் பிழை. பொதுவாக வழங்கப்படும் லினக்ஸ் கருனிகள் தம் செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை உடன்கொண்டே இயங்குகின்றன. அதனால் பொறி நின்றபொழுது திரையில் வெற்று முகவரி மட்டும் தோன்றாது. இன்ன செயற்கூற்றின் தொடக்கத்திலிருந்து இத்தனை பைட்டுத் தொலைவில் தவறு நேர்ந்தது என்னும் செய்தியும், அச்செயற்கூற்றை அழைத்தவை எவை என்னும் தொடரும் தோன்றும். எம் மாணவர் எடுத்த படத்தில் இவை இருந்தன. ஆயின் இது படலத்தின் பெயரைக் கூறிப் பாட்டைக் கூறாது விடுவது போன்றது. நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட செயற்கூற்றில் எவ்வரி? அவ்வேளையில் அம்மாறியில் இருந்த மதிப்பு யாது? மேலும், கம்பைலர் சிறு செயற்கூறுகளைப் பெரியவற்றின் உள்ளே கரைத்துவிடுவதுண்டு. கரைந்தவற்றின் பெயர் அப்பட்டியலில் வாராது. இவற்றுக்கு விடை முழுக்குறியீட்டிலேயே உளது.

அங்ஙனமாயின் எல்லாக் கணிப்பொறிகளிலும் அவற்றை நிறுவிவிடலாமே எனின், இழப்புகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில், இல்லாத இழப்பு ஒன்றை விலக்கிவிடுவோம். குறியீடு சேர்ந்தால் பொறி மெதுவாக ஓடும் என்பது பரவலான கருத்து. இது பெயர்மயக்கத்தால் வந்தது. ஃபெடோரா தொகுப்பில் 'கெர்னல்-டீபக்' என்றும் 'கெர்னல்-டீபக்இன்ஃபோ' என்றும் இரண்டு உள. முன்னையது, பூட்டுகள் முறையாக இடப்படுகின்றனவா, நினைவகம் எல்லை கடந்து தீண்டப்படுகிறதா என்றெல்லாம் ஓடும்பொழுதே தன்னைத் தான் சோதித்துக்கொண்டு செல்லும் வேறொரு கருனி. அது மெய்யாகவே மெதுவானது. பின்னையது கருனி அன்று; வழக்கமான கருனிக்கு உரிய விளக்கம் மட்டுமே. விளக்கத்தைச் சேர்ப்பதால் பொறிக்கட்டளைகள் மாறுவதில்லை. கருனி இயங்கும்பொழுது அவ்விளக்கம் நினைவகத்தில் ஏற்றப்படுவதும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, விரைவு குன்றும் என்று குறியீட்டை விலக்கியோர் பலர். எமக்கு அறிவுரை கூறிய ஒருவரும் அம்மயக்கத்தினரே.

உண்மையான இழப்பு இடம். சுருக்கி வைத்த கருனிக் கோப்பு பத்து மெகாபைட்டு அளவினது. அதன் சுருக்காத, குறியீடு தாங்கிய வடிவம் பல நூறு மெகாபைட்டு. இதற்குமேல் மாட்யூல்கள் உள. இவை கருனியோடு வேண்டியபொழுது ஒட்டிக்கொள்ளும் உறுப்புகள், ஆயிரக்கணக்கானவை. குறி களைந்த நிலையில் அவை அனைத்தும் சேர்ந்து சில நூறு மெகாபைட்டே; களையாது நிறுவினால் பல கிகாபைட்டு. உரை மூலத்தினும் பலமடங்கு விரிதல் நமக்குப் புதிதன்று. ஒன்றேமுக்கால் அடிக் குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதன் அளவை நோக்குக.

இன்றைய பெருவட்டுகளில் சில கிகாபைட்டு ஒரு பொருட்டா எனலாம். வட்டு முழுமையை நோக்கின் பொருட்டன்று. இடர் வருவது ஒரு குறுகிய வாயிலில். பொறி தொடங்கும்பொழுது வட்டை அணுகுதற்கே சில மாட்யூல்கள் வேண்டும். ஆதலின் அவற்றை ஒரு தொடக்கக் கோப்பில் கட்டி, கருனியோடு பூட் என்னும் தனிப்பகுதியில் வைப்பது வழக்கம். அப்பகுதி பெரும்பாலும் 500 மெகாபைட்டு அல்லது ஒரு கிகாபைட்டு அளவில் வகுக்கப்படுவது. தம் கையால் மூலநிரலிலிருந்து கருனியைத் தொகுப்போர், குறி களையாத மாட்யூல்களை அப்படியே நிறுவினால், தொடக்கக் கோப்பு பன்மடங்கு பருத்து அப்பகுதியை நிரப்பிவிடும். எம் துறையில் நேர்ந்ததும் இதுவே. வழுவைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தால் குறியீடு தாங்கிய கருனியைத் தொகுத்து நிறுவினோம். பூட் நிரம்பித் தொடக்கக் கோப்பு பாதியில் முறிந்தது. மறுநாட் காலை பொறி தொடங்கவே இல்லை. எப்பொழுதோ ஒருமுறை நின்றதனை எப்பொழுதும் நின்றதாக்கினோம்! பழைய கருனியைத் தெரிவு செய்து மீண்டோம். மாட்யூல்களை நிறுவும் கட்டளையோடு 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்' என்னும் மாறிக்கு 1 என மதிப்புக் கொடுத்திருப்பின், நிறுவப்படும் படியிலிருந்து மட்டும் குறிகள் களையப்பட்டிருக்கும்; தொகுத்த இடத்தில் அவை அழியாது நின்றிருக்கும். நிறுவியபின் நாமே களைந்துவிடலாம் என்று கருதுவதும் தவறு. மாட்யூலின் கடைசியில் ஒட்டிய கையொப்பம் அதனால் சிதையும். கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்காத பொறிகளில் அது பயன்படாது.

இடத்தின் நெருக்கடி கருத்தின் தெளிவோடு மோதும் வரலாற்றைத் தரங்கம்பாடி முன்னரே கண்டிருக்கிறது. 1706-இல் இவ்வூர்க்கு வந்த சீகன்பால்கு அமைத்த அச்சகத்திற்குத் தமிழ் அச்செழுத்துகள் செருமானிய நாட்டு ஆலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்துசேர்ந்தன. அவை அளவிற் பெரியன. தாளைப் பெரிதும் விழுங்குவன. தாளோ கடல் கடந்து வருதல் வேண்டும். புதிய ஏற்பாட்டை அச்சிடும் பணி நடந்த 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். பொறையாற்றில் தாள் செய்யும் ஆலைக்கும் முயன்றனர். எழுத்தைக் குறைப்பதா, நூலைக் குறைப்பதா என்னும் நிலையில் அவர்கள் எழுத்தின் உருவைக் குறைத்து நூலைக் காத்தனர் என்பது கருதத்தக்கது.

கருனியை ஆக்குவோரும் அண்மையில் இவ்வழியே சென்றுள்ளனர். குறியீடுகளை எழுதும் முறைக்கு டுவார்ஃப் என்று பெயர். குறளுரு என்பது பொருள். நிரற்கோப்பின் வடிவுக்கு எல்ஃப் என்னும் பெயர் அமைந்ததனால் எழுந்த விளையாட்டுப் பெயர் இது. உருவிலோ அது குறள் அன்று, பூதம். அதிலிருந்து வகைச்செய்திகளை மட்டும் பிரித்து, ஒன்றே மீளமீள வருவனவற்றை நீக்கிச் சுருக்கிய பி.டி.எஃப் என்னும் வடிவம் 2019-ஐ ஒட்டிக் கருனியோடு சேர்க்கப்பட்டது. சில மெகாபைட்டில் அடங்குவதால் அது கருனியுடனேயே உலவுகிறது. ஆயின் அது வகைகளையே கூறும், வரியெண் கூறாது. அரும்பத அகராதி உரையாகாதவாறு போல அதுவும் முழுக்குறியீட்டிற்கு ஈடாகாது.

ஆகவே முழு உரையை எங்கே வைப்பது என்பதே தீர்க்கவேண்டிய வினா. மூலத்தோடு பிணைத்தல், அறவே விடுத்தல் என்னும் இரண்டையே பலர் எண்ணுகின்றனர். டெபியன், ஃபெடோரா முதலிய தொகுப்பினர் நெடுங்காலமாக மேற்கொண்டிருப்பது மூன்றாவது வழி. கருனியைக் குறி களைந்து வழங்குகின்றனர்; களைந்த குறிகளைத் தனிப்பொதியாகக் கட்டிக் காக்கின்றனர். டெபியனில் அப்பொதியின் பெயர் 'டிபிஜி' என முடியும். வேண்டுவோர் வேண்டியபொழுது பெற்றுக்கொள்ளலாம். அது பூட் பகுதியைத் தீண்டாது. தனக்கென உள்ள அடைவில் அமரும்.

இங்கே நம் பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த இடர் ஒன்று தலைகாட்டுகிறது. மூலமும் உரையும் தனித்தனி ஏடுகளாகக் கிடைக்கும்பொழுது, உரையாசிரியர் கொண்ட பாடமும் கையிலுள்ள மூலத்தின் பாடமும் ஒன்றா என்று தெளிதல் வேண்டும். பாடம் வேறாயின் உரை துணையாவதற்கு மாறாகத் தடம் மாற்றிவிடும். அதுவும் ஐயமே தோன்றாதபடி மாற்றிவிடும். சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையொடு 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு பெரும்பகுதி இத்தகையதே. கருனியிலும் இவ்வாறே. ஒரே மூலநிரலை இருவேறு கம்பைலர்களைக் கொண்டு, அல்லது ஒரு தெரிவை மாற்றித் தொகுத்தாலும் இடங்கள் நகர்ந்துவிடும். பழைய குறியீடு புதிய கருனிக்குப் பொய்யுரை கூறும். இதனைத் தடுக்கத் தொகுக்கும்பொழுதே ஒவ்வொரு கோப்புக்கும் 20 பைட்டு அளவில் ஓர் அடையாளம் பொறிக்கின்றனர். 'பில்ட் ஐடி' என்பது அதன் பெயர். களைந்த குறியீட்டுக் கோப்பும் அதே அடையாளத்தைத் தாங்கும். இரண்டும் ஒத்தாலன்றி ஆராயும் கருவி அவற்றைச் சேர்த்துப் படிக்காது. 2019 முதல் எல்ப்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள டீபக்இன்ஃபோடி என்னும் ஏற்பாடு, இவ்வடையாளத்தைக் கொடுத்தால் உரிய குறியீட்டைத் தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து தானே கொண்டுதரும். சுவடிக்கும் உரைக்கும் இத்தகைய அடையாளம் ஒன்றை நம் முன்னோர் பொறித்திருந்தால் எத்தனை பூசல்கள் அடங்கியிருக்கும்!

தாமே கருனியைத் தொகுத்துக்கொள்வோர்க்கு இதனால் ஒரு கடமை உண்டு. தொகுத்து முடிந்ததும் இடம் அடைக்கிறதே என்று மூலக்கோப்பகம் முழுதையும் அழித்துவிடுதல் இயல்பு. பின்னர் வழு நேர்ந்தால், மீண்டும் தொகுத்துப் பெறும் குறியீடு முன்னையதற்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. குறியீடு தாங்கிய பெருங்கோப்பையும் மாட்யூல்களையும் ஒரு புறவட்டிலேனும் பேணி வைத்தல் வேண்டும்.

பாதுகாப்புப் பற்றிய தடை ஒன்றும் எழுப்பப்படுகிறது. குறியீடு பகைவனுக்கு வழிகாட்டும் என்பர். பொதுத்தொகுப்புகளைப் பொறுத்தவரை இத்தடை வலுவற்றது. எவரும் அப்பொதியை இறக்கிப் பார்க்கலாமாதலின், நம் வட்டில் அஃது இல்லாமையால் பகைவன் இழப்பது ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோஸின் குறியீடுகளில் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்துள்ளது. அஞ்சவேண்டியது குறியீட்டை அன்று. குறியீட்டோடு சேர்த்துப் படிக்கப்படும் நினைவகப் படியை. பொறி வீழ்ந்தவுடன் ஒதுக்கி வைத்த சிறு நினைவகப் பகுதியில் வேறொரு கருனி எழுந்து, வீழ்ந்ததன் நினைவகத்தை வட்டில் எழுதிவைக்கும் ஏற்பாடு உளது. கே-டம்ப் என்பது அதன் பெயர். அப்படியில் கடவுச்சொற்களும் திறந்திருந்த கோப்புகளின் பகுதிகளும் இருக்கக்கூடும். அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் இதனை எண்ணுதல் நன்று.

எம் துறைக்கு இறுதியில் வகுத்துக்கொண்ட முறை இதுவே. மாணவர் பயிலும் பொறிகளில் குறியீடு நிறுவுவதில்லை; அவற்றில் வழு நேரின் மீள நிறுவிவிடலாம். சுவடிப்படங்களைக் கையாளும் ஒரு பொறியில் மட்டும் தொகுப்பினரின் கருனியையே வைத்து, அதற்குரிய டிபிஜி பொதியையும் கே-டம்பையும் நிறுவினோம். கே-டம்புக்காகச் சில நூறு மெகாபைட்டு நினைவகம் எப்பொழுதும் ஒதுங்கியே கிடக்கும். அவ்விழப்பை மனமறிந்து ஏற்றுக்கொண்டோம். கருனி புதுப்பிக்கப்படுந்தோறும் பொதியும் உடன் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் ஒரு தொல்லையே. ஒருமுறை மறந்தோம், அடையாளம் ஒவ்வாது என்று கருவி படிக்க மறுத்தது.

நான்காம் முறையாகப் பொறி நின்றபொழுது நினைவகப் படி முழுதும் கிடைத்தது. கிராஷ் என்னும் கருவியில் அதனையும் குறியீட்டையும் சேர்த்துத் திறந்தோம். அழைப்புத் தொடரில் கருனிக்கு உரியவை யாவும் கோப்புப் பெயரும் வரியெண்ணுமாகத் தெளிவாய் வந்தன. ஆறு படிகள் இறங்கியபின் தொடர் வெளியார் மாட்யூல் ஒன்றனுள் புகுந்தது. அங்கே வரியெண் இல்லை, வெற்றிடமே. நினைவட்டை படிக்கும் பலகையோடு விற்றவர் தந்த மாட்யூல் அது. மூலநிரலும் தரப்படவில்லை, குறியீடும் தரப்படவில்லை. புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிட, அதன்மேல் வெற்று மூலத்தோடு வழிநடக்கும் மாணவனின் நிலை எமக்கு வந்தது. எனினும் உரை எங்கே நின்றது என்று அறிந்ததே போதுமானதாயிற்று. அப்பலகையைக் கழற்றிவிட்டு, கருனியோடு வரும் மாட்யூலாலேயே இயங்கும் வேறொன்றை மாட்டினோம். அதன்பின் பொறி நிற்கவில்லை.

மருத்துவச் சுவடிக்கு உரிய குடும்பத்தாரை மீண்டும் சென்று கண்டோம். அறுவடை முடிந்து தை பிறந்தபின் வருமாறு கூறினர். இம்முறையும் தவணை மூன்று நாளே.